இருவருக்கான திராட்சைக் கடற்பாசி: பாலும் நெய்யும் சேராத ஓர் இனிப்பு

திருமண நாளுக்கோ பிப்ரவரி 14-ஆம் தேதிக்கோ துணைக்குத் தம் கையால் ஓர் இனிப்பைச் செய்து தர விரும்புகிறவர், அந்தத் துணை, விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவு முறைக்கு மாறியவராக இருந்தால், முதலில் சற்றுத் திகைத்துத்தான் போவார். பாயசம், கேசரி, அல்வா, பால்கோவா என்று நம் வீடுகளில் நல்ல நாளுக்குச் செய்யும் இனிப்புகளில் பால் இல்லையென்றால் நெய் இருக்கும். கடையில் வாங்கும் கேக்கிலோ முட்டையும் வெண்ணெயும் சேர்ந்தே இருக்கும். இந்த நெருக்கடிக்கு எளிய விடை பழமும் தேங்காய்ப்பாலும், அவற்றை உறைய வைக்கும் கடற்பாசியும்தான். அடியில் கருஞ்சிவப்பாகத் திராட்சை அடுக்கும் அதன் மேல் வெண்மையாகத் தேங்காய்ப்பால் அடுக்கும் அமைந்த ஒரு கண்ணாடி டம்ளர் இனிப்பை, இதுவரை அடுப்பைப் பற்ற வைக்காதவரும் ஒன்றரை மணி நேர வேலையில் செய்துவிட முடியும். ஓவனோ அச்சுகளோ இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது சூட்டின் மீது கவனம் மட்டுமே. இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை குளிர்ந்ததைச் சூடானதோடு கலப்பதால் நேருகின்றன.

வாங்கப் புறப்படுவதற்கு முன்பு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. நம் பேச்சில் ‘சைவம்’ என்றால் பாலும் தயிரும் நெய்யும் தேனும் அதில் அடங்கும். வீகன் உணவில் இவை எதற்கும் இடமில்லை. 1944-இல் இங்கிலாந்தில் உருவான இந்தச் சொல்லைத் தமிழில் ‘நனிசைவம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளியை நம்பி ஏமாந்து விடக் கூடாது. பால் சேர்ந்த பண்டத்துக்கும் அதே பச்சைப் புள்ளிதான் இடப்படுகிறது. ஆகவே பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எந்தப் பழம்

இந்த இனிப்புக்கு நான் தேர்ந்தெடுப்பது பன்னீர் திராட்சை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால், மாம்பழம் கண்ணில் படாத பிப்ரவரியிலும் இது சந்தையில் இருக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்த இதற்குத் தனி மணம் உண்டு, தோலில் நிறம் மிகுதி, விலையும் குறைவு. கொட்டை இருப்பதாலும் தோல் சற்றுத் துவர்ப்பதாலும் இதை அப்படியே தின்னத் தயங்குகிறவர்கள் உண்டு. வேக வைத்து வடிகட்டிச் சாறு எடுக்கும்போது அந்த இரண்டு குறையும் அகன்றுவிடுகின்றன. பெயரில் ‘பன்னீர்’ இருப்பதைக் கண்டு, பாலைத் திரித்துச் செய்யும் பனீரோடு குழப்பிக் கொண்டு, இது வீகன்தானா என்று என்னிடம் உண்மையாகவே கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பன்னீர் ரோஜாப் பன்னீர்தான்; அந்த மணத்தின் சாயல் பழத்தில் இருப்பதாக நம்மவர்கள் கருதியிருக்க வேண்டும்.

பழம் வாங்கும்போது காம்பு பச்சையாக இருக்கிறதா, கொத்தை லேசாக உதறினால் பழங்கள் உதிராமல் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். பழத்தின் மீது வெண்சாம்பல் பூத்தது போலத் தெரிவதில் பழமே உண்டாக்கும் மெழுகுப் பூச்சும் அடங்கும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊற விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி எடுப்பதே சரியான வழக்கம்.

கடற்பாசி என்பது என்ன

மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்றும் ‘அகர் அகர்’ என்றும் கேட்டால் கிடைப்பது இதுதான். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடற்பாசி காய்ச்சுவது தமிழக, இலங்கை முஸ்லிம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். இங்கே நாம் செய்வது அந்தப் பண்டத்தின் பாலில்லா உறவினர். சிவப்புக் கடற்பாசிகளைக் கொதிக்க வைத்து இறக்கிய சாற்றை உலர்த்தி இதைத் தயாரிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி இந்த வேலைக்கு உரிய மூலப்பொருள்களுள் ஒன்று. கடைகளில் விற்கும் பல ஜெல்லிப் பொட்டலங்களில் இருப்பதோ ஜெலட்டின். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆகவே ‘ஜெல்லி’ என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள்.

கடற்பாசியின் இயல்பைப் புரிந்து கொண்டால் செய்முறையின் ஒவ்வொரு படியும் தானாக விளங்கிவிடும். இது தண்ணீரில் கொதித்தால்தான் முழுதாகக் கரையும். கரைந்த பின்பு சூடு ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரிக்கு இறங்கும்போது கெட்டிப்படும். ஒரு முறை கெட்டிப்பட்டால் மீண்டும் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். உறைவதற்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, நம் ஊர் வெயிலில் மேசை மீது வைத்தாலும் உருகி ஓடாது, ஏற்கெனவே உறைந்த அடுக்கின் மீது சூடான அடுத்த அடுக்கை ஊற்றினாலும் கீழே உள்ளது கலையாது என்பவையெல்லாம் இந்த ஒரே இயல்பிலிருந்து வருகின்றன.

தேவையான பொருள்கள்

ஏறக்குறைய 300 மி.லி. கொள்ளும் இரண்டு கண்ணாடி டம்ளர்களுக்கு உரிய அளவைச் சொல்கிறேன். திராட்சை அடுக்குக்குப் பன்னீர் திராட்சை 250 கிராம், சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, கடற்பாசித் தூள் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி (ஏறக்குறைய 2 கிராம்), எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 150 மி.லி. தேவைப்படும். தேங்காய்ப்பால் அடுக்குக்கு நன்கு முற்றிய தேங்காய் ஒன்று, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, கடற்பாசித் தூள் முக்கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர் 100 மி.லி. போதும். மேலே தூவ ஒரு கைப்பிடி மாதுளை முத்துகளை வைத்துக் கொள்ளுங்கள்.

தூளுக்குப் பதில் இழைகளாக உள்ள கடற்பாசிதான் கிடைத்தது என்றால், ஒவ்வோர் அடுக்குக்கும் 2 கிராம், அதாவது 10 கிராம் பொட்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்து, கத்தரிக்கோலால் சிறிதாக நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். இழை கரையக் கூடுதல் நேரமும் கூடுதல் தண்ணீரும் பிடிக்கும். புதிதாகச் செய்பவருக்குத் தூளே எளிது.

தேங்காய் துருவுவது மலைப்பாகத் தோன்றினால் கடையில் டின்னிலோ அட்டைப்பெட்டியிலோ வரும் கெட்டியான தேங்காய்ப்பாலை வாங்கிக் கொள்ளலாம்; அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் பொடி வாங்கும்போது மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். கட்டி தட்டாமல் கரைவதற்காகப் பல பொடிகளில் சோடியம் கேசினேட் என்னும் பொருளைச் சேர்க்கிறார்கள்; அது மாட்டுப் பாலின் புரதத்திலிருந்து வருவது. தென்னையின் படம் போட்ட பொட்டலத்துக்குள் பசுவின் பால் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நிறத்துக்காகச் சிவப்புச் சாயமோ சிரப்போ சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். கார்மைன் என்ற பெயரிலும் 120 என்ற எண்ணிலும் குறிக்கப்படும் சிவப்பு, ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது; பன்னீர் திராட்சையின் தோலில் உள்ள நிறத்துக்கு முன்னால் அது தேவையும் இல்லை.

முதல் படி: திராட்சைச் சாறு

எவர்சில்வர் பாத்திரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். புளிப்புள்ள சாறு இரும்பில் பட்டால் நிறம் கறுத்துவிடும். அலுமினியமும் புளிப்புக்கு ஏற்றதல்ல. காம்பிலிருந்து உதிர்த்த பழங்களோடு 50 மி.லி. தண்ணீர் சேர்த்து, மூடி போட்டு, சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வேக விடுங்கள். தோல் வெடித்துச் சாறு முழுவதும் நிறம் மாறிய பிறகு, அகப்பையின் பின்புறத்தால் மெல்ல மசித்து, வடிகட்டியில் ஊற்றி அழுத்தி வடிக்க வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று மிக்ஸியில் போட்டு அரைத்துவிடாதீர்கள். கொட்டை உடைந்து கசப்பு இறங்கினால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது. வடித்த சாற்றில் 150 மி.லி. அளந்து எடுத்து, ஆற விடாமல் மூடி வையுங்கள். மிஞ்சுவதைத் தண்ணீர் கலந்து குடித்துவிடலாம்.

இரண்டாம் படி: திராட்சை அடுக்கு

வேறொரு சிறு பாத்திரத்தில் 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரை எடுத்து, அதில் கடற்பாசித் தூளைத் தூவி, கட்டி இல்லாமல் கலக்கிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் நீரில் தூளைக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே மாவுமாக உருண்டைகள் திரளும். சிறு தீயில் கலக்கிக் கொண்டே இருந்து, கொதி வந்த பின்பும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதில் துகள்கள் ஒட்டியிருக்கக் கூடாது. தூள் முழுதாகக் கரைந்த பிறகே சர்க்கரையைப் போட வேண்டும். முன்பே போட்டால் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டு கடற்பாசியைச் சரியாகக் கரைய விடாது.

சர்க்கரையும் கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பாக உள்ள திராட்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். சாற்றையும் சேர்த்தே கொதிக்க வைத்தால் என்ன என்று தோன்றலாம். புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் கடற்பாசியின் உறையும் திறன் குறைந்துவிடும். இந்த அடுக்குக்குத் தூளைச் சற்றுக் கூடுதலாகச் சொன்னதும் புளிப்பைக் கருதித்தான். கடைசியாக எலுமிச்சைச் சாற்றை விடும்போது கண்ணெதிரே நிறம் பளிச்சென்று சிவக்கும். திராட்சைத் தோலின் நிறமி புளிப்பில் சிவந்தும், புளிப்புக் குறையும்போது ஊதாவாகவும் நீலமாகவும் மாறுகிற இயல்புடையது. உங்கள் வீட்டில் வருவது உப்புத் தண்ணீர் என்றால் சாறு மங்கிய ஊதாவாகத் தெரியக்கூடும். அப்போது எலுமிச்சையை இன்னும் சில துளிகள் கூட்டலாம். திராட்சையையும் தேங்காய்ப்பாலையும் ஒன்றாகக் கலந்து ஒரே நிறத்தில் செய்யாமல் தனித்தனி அடுக்காகச் செய்வதற்கும் இதுவே காரணம். கலந்தால் வருவது சாம்பல் படிந்த ஊதா. சுவையில் குறையில்லை, ஆனால் அந்த மாலைப் பொழுதுக்கு உரிய நிறமல்ல அது.

இந்தக் கலவையை இரண்டு டம்ளர்களிலும் சமமாக ஊற்றுங்கள். நேராக நிற்கும் அடுக்கு போதும் என்றால் டம்ளரை அப்படியே வைத்துவிடலாம். சற்று அழகு வேண்டுமென்றால், ஒரு கிண்ணத்தில் அரிசியை நிரப்பி அதில் டம்ளரைச் சாய்வாகப் புதைத்து நிறுத்திய பிறகு ஊற்றினால், சிவப்பு அடுக்கு சரிந்த நிலையிலேயே உறையும். பிறகு டம்ளரை நிமிர்த்தி வெள்ளையை ஊற்றும்போது இரண்டு நிறமும் கண்ணாடியில் குறுக்காகச் சந்திக்கும். இதற்கு வேறு திறமை எதுவும் வேண்டாம், அரிசி இருந்தால் போதும்.

மூன்றாம் படி: தேங்காய்ப்பால் அடுக்கு

திராட்சை அடுக்கு உறைய இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தேங்காயைத் துருவி, அளவில் சேராத அரை டம்ளர் வெந்நீரைத் தனியே எடுத்து அதனுடன் அரைத்து, துணியில் பிழிந்து முதல் பாலை எடுத்துவிடலாம். நமக்கு வேண்டியது கெட்டியான முதல் பாலில் 150 மி.லி. மட்டுமே, சக்கையிலிருந்து வரும் இரண்டாம் பாலை மறுநாள் சொதிக்கோ குழம்புக்கோ வைத்துக் கொள்ளுங்கள்.

முன்பு போலவே 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி தூளைக் கலக்கிக் கொதிக்க வைத்துக் கரைத்து, சர்க்கரையும் உப்பும் சேருங்கள். பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பாலை மிகச் சிறு தீயில், ஆவி எழும் அளவுக்கு மட்டும் சூடாக்க வேண்டும். கொதித்தால் அது திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியும். இப்போது இந்தச் சூடான பாலைக் கடற்பாசிக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றக் கூடாது. முதல் முறை செய்தபோது நான் அதைத்தான் செய்தேன். பால் பட்ட இடமெல்லாம் கடற்பாசி அந்தக் கணமே உறைந்து, சவ்வரிசிக் கஞ்சி போல மணிமணியாகத் திரண்டுவிட்டது. வடிகட்டிப் பார்த்தும் பயனில்லை, இனிப்புக்கு அன்று வாழைப்பழத்தைத்தான் நறுக்கி வைத்தேன்.

நான்காம் படி: அடுக்கின் மேல் அடுக்கு

இந்த இனிப்பில் கைப்பழக்கம் என்று ஏதேனும் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். கீழ் அடுக்கு முழுவதும் உறைந்து குளிர்ந்துவிட்டால், மேலே ஊற்றுவது அதோடு ஒட்டாது. கரண்டி இட்டதும் இரண்டும் தனித்தனித் தட்டாக வழுக்கிப் பிரியும். உறையாமல் நீராக இருந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே கீழ் அடுக்கின் மேற்பரப்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலில் நீர் ஒட்டக் கூடாது. ஆனால் லேசான பிசுபிசுப்பும், டம்ளரின் வெளிப்புறத்தில் சிறிது வெதுவெதுப்பும் இருக்க வேண்டும். ஊற்றுவதற்கு ஏற்ற நேரம் அதுவே. தவறவிட்டு முழுதாக ஆறிப் போயிருந்தால், முள்கரண்டியால் மேற்பரப்பில் நாலைந்து கீறல்கள் போட்டுவிட்டு ஊற்றலாம். ஓரளவு பிடித்துக் கொள்ளும்.

மேலே ஊற்றும் தேங்காய்ப்பால் கலவை, பாத்திரத்தைத் தொட்டால் கை சட்டென்று பின்வாங்காத, ஆனால் நன்றாகச் சூடு தெரிகிற அளவில் இருப்பது நல்லது. உயரத்திலிருந்து கொட்டினால் கீழ் அடுக்கில் குழி விழும் என்பதால், ஒரு கரண்டியைக் கவிழ்த்து டம்ளருக்குள் பிடித்து, அதன் முதுகின் மீது மெல்ல ஊற்றுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கலவை பாத்திரத்திலேயே கெட்டிப்படத் தொடங்கினால் பதற வேண்டாம். கொதிக்கும் நீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் அதை இறக்கி வைத்துக் கலக்கினால், தேங்காய்ப்பால் திரியாமல் கடற்பாசி மீண்டும் இளகிவிடும்.

வெள்ளை அடுக்கும் வெளியில் உறைந்து ஆறியதும் டம்ளர்களை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைவதற்கு அது தேவையில்லை என்றாலும் தேங்காய்ப்பால் கெடாமல் இருக்க அது தேவை. இரண்டு மணி நேரம் குளிர்ந்தால் சுவையும் கூடும்.

எப்போது செய்வது, எப்படிப் பரிமாறுவது

அன்று மாலைக்கு அன்று காலையிலேயே செய்து வைப்பது மிகப் பொருத்தம். முந்தைய இரவே செய்தால் திராட்சையின் நிறம் மெல்ல வெள்ளைக்குள் கசிந்து, இரண்டுக்கும் நடுவே நீல நிறக் கோடு ஒன்று படியும். இரண்டு நாள் வைத்தால் கடற்பாசி நீர் விட்டுச் சுருங்கும். அதற்காகக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப் போடவும் கூடாது. துணை வீட்டுக்கு வரும் நேரத்தில் நீங்கள் வியர்வையோடு வடிகட்டியைப் பிடித்துக் கொண்டு நிற்பது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

பன்னீர் மணம் தூக்கலாக வேண்டுமென்று விரும்புகிறவர்கள் தேங்காய்ப்பால் அடுக்கில் சமையலுக்கு உரிய ரோஜாப் பன்னீரை நாலைந்து துளிகள் விடலாம். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கவும் பூஜைக்கும் விற்கும் பன்னீர் உண்பதற்கு உரியதல்ல. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளும் வேண்டாம். அதை விலங்குத் தோலுக்கும் குடலுக்கும் இடையே வைத்துத் தட்டிச் செய்வது பழைய முறை என்பதால் வீகன்கள் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். மாதுளை முத்துகளைப் பரிமாறும் நேரத்தில் தூவினால் போதும். முன்பே தூவினால் வெள்ளையில் சாயம் இறங்கும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை வரும் நாள்களுக்குத் திராட்சைக்குப் பதில் மாம்பழத்தைக் கொள்ளலாம். நாரில்லாத பங்கனப்பள்ளியோ இமாம் பசந்தோ கிடைத்தால் 200 கிராம் சதையை விழுதாக அரைத்து, ஆறிப் போகாமல் லேசாகச் சூடாக்கி, திராட்சைச் சாற்றின் இடத்தில் சேர்க்க வேண்டும். சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்துவிடலாம். அன்னாசியும் பப்பாளியும்கூட இதில் நன்றாகவே உறையும். அவற்றில் உள்ள நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்து நீராக்கிவிடும். புரதமே இல்லாத கடற்பாசியிடம் அவற்றின் வேலை நடக்காது.

பரிமாறும்போது நீண்ட காம்புள்ள சிறு கரண்டியாகப் பார்த்து வையுங்கள். அப்போதுதான் அடி வரை எட்டி, சிவப்பும் வெள்ளையும் ஒரே வாயில் வரும்.